ஈயம் எங்கே இருக்க வேண்டும்?

பாம்பனில் ட்ரவுட் மீன் கிடையாது. மண்டபத்தில், உச்சிப்புளியில், தொண்டியில், எங்கேயும் கிடையாது. தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டினாலே திணறிப்போகிற மீன் அது. சித்திரை மாதத்தில் எங்கள் வடகடல் முப்பதைத் தொட்டு நிற்கும். தமிழ்நாட்டில் அதைப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரிக்கு ஏற வேண்டும். வெள்ளைக்காரர்கள் அவலாஞ்சியில் 1907-ல் பொரிப்பகம் வைத்து ஓடைகளில் விட்ட மீனின் வம்சம் அது. அப்படியிருக்க, மண்டபத்தில் அலைச்சத்தம் கேட்கிற ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நீ ஏன் ட்ரவுட்டுக்கு ஃப்ளை (முள்ளில் இறகு சுற்றிய பொய்ப்பூச்சி) கட்டுகிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான். இமாச்சலில் தீர்த்தன் ஆற்றங்கரையில் தங்கும் விடுதி நடத்துகிற நண்பர் கேட்கிறார், நான் கட்டி அனுப்புகிறேன். கையும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஆற்றுக்கு அடியில் கல்லோடு ஒட்டிக்கொண்டு வாழும் பூச்சிகளின் இளம்பருவத்தை நிம்ஃப் என்பார்கள். மேஃப்ளை என்ற பூச்சி வாழ்நாளில் பெரும்பகுதியைத் தண்ணீருக்குள் இந்த உருவத்தில்தான் கழிக்கிறது. சிறகு முளைத்து மேலே வந்த பிறகு அதற்கு மிச்சமிருப்பது ஓரிரு நாள்தான். ட்ரவுட் அதிகம் தின்பதும் இந்த அடித்தண்ணீர்ப் பூச்சிகளைத்தான். அதனால் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்குகிற தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றி அதைப்போல ஒன்றைச் செய்கிறோம். இறகு மிதக்கும், பூச்சியோ அடியில் இருக்க வேண்டும். எனவே இறகுக்குக் கீழே முள்ளின் தண்டில் கொஞ்சம் ஈயக் கம்பியைச் சுற்றிவிட்டு, அதன்மேல் உடம்பைக் கட்டுவார்கள். கனம் வைத்த நிம்ஃப் என்பது அவ்வளவுதான். இதில் சச்சரவுக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பாம்பன் சின்ன மாமா வந்து என் மேசையருகில் உட்காரும்வரை.

சின்ன மாமா என் மனைவிக்குச் சித்தப்பா. ஆயுசு முழுக்கக் கைத்தூண்டில்காரர். விசைப்படகில் போனதே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வல்லம் என்கிற நாட்டுப்படகில் போய், பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், தூண்டில் இறக்கி, களவாயும் விளமீனும் பாரையும் கொண்டுவருகிற ஆள். கட்டி முடித்த நிம்ஃப் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஈயம் உள்ளே இருக்கிறது என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. "என்ன மாப்ள இது, இரைக்குள்ள கொண்டுபோயி ஈயத்த வச்சிருக்கீக? வாயில வச்சதும் துப்பிராது?" என்றார். நான் ஏதோ பதில் சொன்னேன். அவர் தலையாட்டினார், ஒத்துக்கொண்டதற்கான தலையாட்டல் இல்லை அது. "ஈயம் தரையில கெடக்கணும். இரை ஓட்டத்துல ஆடணும். ரெண்டையும் ஒண்ணாக் கட்டுனா ரெண்டும் கெட்டது" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஒவ்வொரு முறை ஈயக் கம்பியைச் சுற்றும்போதும் வந்து நின்றது.

ஃபேன் காயிலில் இருந்து ஒரு பூச்சி

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மலையாற்றில் மேல்தண்ணீர் வேகமாக ஓடும். அடியில், கல்லோடு உராய்ந்து வேகம் குறைந்துவிடும். ட்ரவுட் நிற்பது அந்த மெதுவான அடித்தட்டில், பெரும்பாலும் ஏதாவது ஒரு கல்லின் மறைவில். அங்கே நின்றால் அதற்கு உழைப்பு குறைவு, மேலே ஓடுகிற தண்ணீரோ சாப்பாட்டைக் கொண்டுவந்துகொண்டே இருக்கிறது. நாம் எறிகிற ஃப்ளை அந்த வேகமான மேல்தட்டைக் கிழித்துக்கொண்டு, மீன் நிற்கும் இடத்துக்கு வருவதற்குள் அடித்தட்டைச் சேர்ந்திருக்க வேண்டும். கிடைப்பது சில விநாடிகள். அதற்குள் இறங்கவில்லையென்றால் மீனின் தலைக்கு மேலே, அது எட்டிப் பார்க்கக்கூடச் சோம்பல்படுகிற உயரத்தில், நம் உழைப்பெல்லாம் மிதந்து போய்விடும்.

கனத்தைத் தூண்டில் நரம்பில் கட்டலாமே என்றால், கட்டலாம். சின்ன ஈயக் குண்டைப் பிளந்து, ஃப்ளைக்கு ஒரு சாண் மேலே நரம்பில் கவ்வவைப்பது பழைய வழக்கம். ஆனால் அப்படிச் செய்தால் நரம்பு அந்த இடத்தில் மடங்குகிறது. குண்டு முன்னால் போகிறது, ஃப்ளை பின்னால் தளர்ந்து இழுபடுகிறது. மீன் வாயில் வாங்கிய செய்தி அந்த மடிப்பைத் தாண்டி நம் கைக்கு வருவதற்குள் மீன் துப்பியே விடும். ட்ரவுட் ஒரு பொய்ப்பூச்சியை வாங்கித் துப்புவதை வேகம் குறைத்து எடுத்த வீடியோக்களில் பார்த்திருக்கிறேன்; கண் இமைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கனம் ஃப்ளைக்குள்ளேயே இருந்தால் நரம்பு நேராக நிற்கும், செய்தியும் நேராக வரும். ஈயம் உள்ளே போனதற்கு இது பெரிய காரணம். இங்கிலாந்தில் இன்னொரு காரணமும் சேர்ந்தது: ஆற்றில் விழுந்த ஈயக் குண்டுகளை அன்னங்கள் பொறுக்கித் தின்று செத்தன, 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையிலான ஈயக் குண்டுகளுக்கு 1987-ல் அங்கே தடை வந்தது.

இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த மனிதர் ஃப்ராங்க் சாயர். 1906-ல் பிறந்தவர், வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றுக்குக் காவலராக இருந்தவர். படித்துவிட்டுப் பேசியவரில்லை, தினமும் ஆற்றங்கரையில் நடந்து பார்த்துவிட்டுப் பேசியவர். அவர் கட்டிய நிம்ஃபில் நூலே கிடையாது. மயிர் போன்ற மெல்லிய செம்புக் கம்பியை எடுத்து, அதையே நூலாகவும் கனமாகவும் பயன்படுத்தினார். கம்பியால் முள்ளின் தண்டை மூடி, தோள்பட்டை வரவேண்டிய இடத்தில் ஒரு புடைப்பு எழுப்பி, ஃபெசன்ட் பறவையின் வால் இழைகளை அதே கம்பியோடு முறுக்கிச் சுற்றிவிடுவார். கால் வைக்க மாட்டார். நீந்தும்போது அந்தப் பூச்சி காலை உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, பிறகு எதற்குக் கால் என்பது அவர் வாதம். காலுக்கென்று வைக்கிற இறகு தண்ணீரில் குடைபோல விரிந்து இறங்குவதைத் தடுக்கும் என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. செம்பின் செந்நிறம் இழைகளுக்கு நடுவே லேசாகத் தெரியும். அதுவே நிறமும் ஆகிவிட்டது.

எனக்கு இந்தச் செம்பு கிடைத்தது ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் சுற்றும் ஒரு கடையில். சீலிங் ஃபேனுக்குச் சுற்றுகிற கம்பி, 36 கேஜ், மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான கனம். மேலே பூசிய எனாமல் அதற்கு ஒரு செம்பழுப்பு நிறம் கொடுத்துவிடுகிறது, தனியாகச் சாயம் தேடவேண்டியதில்லை. எந்த ஃபேனுக்கு என்று கடைக்காரர் கேட்டார். பூச்சிக்கு என்று சொல்லவா முடியும்? பழைய ஃபேன் என்று சொல்லி வாங்கிவந்தேன். அதற்கு முன்னால் ரேடியோ கடையில் கிடைக்கும் சால்டரிங் ஈயத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பெயர்தான் ஈயம், அறுபது பங்கு வெள்ளீயமும் நாற்பது பங்கு ஈயமுமான கலவை அது. அடர்த்தி 8.5 பக்கம்தான் வரும். சுத்த ஈயம் 11.3, செம்பு 8.9. அதாவது விஷமில்லாத செம்பே அந்தச் சால்டரிங் கம்பியைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கனக்கிறது. இது தெரிந்ததும் அந்தச் சுருளைத் தூக்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். ஃபெசன்ட் வாலுக்கு வான்கோழி வால் இறகு. மார்புப் பகுதிக்கு மயில்தோகையின் இழை. கருவேலங்காட்டுப் பக்கம் மயிலுக்கு என்ன பஞ்சம்? உதிர்ந்து கிடப்பதை எடுத்துவந்து தருவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கட்டும்போது யோசிக்கவேண்டியது கனம் எவ்வளவு என்பதைக் காட்டிலும் எந்த இடத்தில் என்பதுதான். தலைப்பக்கம் குவித்தால் மூக்குக் குத்தி இறங்கும், நரம்பைச் சற்றே தூக்கினால் தலை நிமிர்ந்து எழும்பும். நடுவில் பரப்பினால் படுத்தவாக்கில் இறங்கும். கண் வளைந்த ஜிக் முள்ளில், பிளவு வைத்த டங்ஸ்டன் மணியைக் கோத்தால் முள்ளே தலைகீழாகப் புரண்டு, கூர் மேலே பார்த்தபடி போகும். அடியில் கல்லிலும் வேரிலும் மாட்டாது. இப்போது உலகம் முழுக்க இந்த டங்ஸ்டன் மணிதான் ஓடுகிறது. சுத்த டங்ஸ்டனுக்கு அடர்த்தி 19.3, மணியாக வரும்போது கலப்பினால் கொஞ்சம் குறையும். மூன்று மில்லிமீட்டர் மணி ஒன்று ஏறக்குறைய 0.2 கிராம். மாமா பாரில் போடுகிற ஈயம் கால் கிலோ வரை போகும். என் மேசைக்கும் அவர் வல்லத்துக்கும் உள்ள தூரம் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓடாத தண்ணீர்

மாமாவுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும் என்று ஊறுகாய் ஜாடியில் தண்ணீர் பிடித்துவைத்து, ஃப்ளைகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். ஒல்லியான செம்பு நிம்ஃப் விறுவிறென்று இறங்கியது. அதே அளவு செம்பு சுற்றி மேலே சேவல் கழுத்து இறகை அடர்த்தியாக வைத்தது, தயங்கித் தயங்கிப் போனது. சாயர் சொன்னது சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? மாமா ஜாடியைக் கையில் எடுத்து ஒருமுறை சுழற்றினார். தண்ணீர் சுற்றியதும் இரண்டும் ஒரே மாதிரி மேலும் கீழும் அலைந்தன. "ஓடாத தண்ணியில எல்லாந்தான் எறங்கும். எங்க வீட்டுப் பல்லி வுழுந்தாலும் எறங்கும்" என்றார்.

ஓட்டத்தைப் பற்றி அவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. பாம்பன் பாலத்தின் மேலே நின்று கீழே பார்த்தவர்களுக்குத் தெரியும். வாடைக் காலத்தில் வடகடல் தண்ணீர் அந்தச் சந்து வழியாகத் தென்கடலுக்குப் பாயும், கச்சான் காற்று பிடித்துவிட்டால் தெற்கேயிருந்து வடக்கே திரும்பும். கடலென்று சொல்ல முடியாது, ஆறுதான். மண்டபத்தில் பிறந்தவன் நான், மலையாற்றை முதலில் பார்த்தபோது எனக்குப் பாம்பன் கால்வாய்தான் நினைவுக்கு வந்தது. மாமா ஈயத்தை ஆழம் பார்த்து மாற்றுவதில்லை, ஓட்டம் பார்த்துத்தான் மாற்றுகிறார். பத்துப் பாக ஆழத்திலும் சின்ன ஈயம் போதும் என்கிற நாளும் உண்டு, நாலு பாகத்திலேயே பெரியது கேட்கிற நாளும் உண்டு. அடிக் கயிற்றில் ஈயம். அதற்கு மேலே ஒரு முழம் விட்டு, நரம்பிலிருந்து பக்கவாட்டில் ஒரு கிளை. கிளையின் நுனியில் முள், முள்ளில் சூடையோ கணவாய்த் துண்டோ. ஈயத்தைக் கட்டும் கயிறு மட்டும் மெலிசாக இருக்கும். பாரில் சிக்கினால் இழுக்கும்போது ஈயம் அறுந்து போகும், முள்ளும் மீனும் மேலே வரும். ஈயம் அடியில் உட்கார்ந்து நரம்பை விறைப்பாக வைத்துக்கொள்கிறது. இரை மேலே கிளையில் தன்போக்கில் அலைகிறது. ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்கவேண்டிய விஷயமாகவே அது எனக்குப் பட்டதில்லை.

ஆணியில் தொங்கியது

அவர் வீட்டுத் திண்ணைச் சுவரில், சாவிக்கொத்துக்கும் ஜெபமாலைக்கும் பக்கத்தில் ஒரு கணவாய்த் தூண்டில் தொங்குகிறது. மரத்தில் இறால் போலச் செதுக்கியது, பெயின்ட் உரிந்துபோயிருக்கும். வாலில் கூரான கம்பிகள் வட்டமாக மேல்நோக்கி வளைந்திருக்கும். இப்போது எல்லோரும் கடையில் விற்கும் பிளாஸ்டிக் இறாலைத்தான் போடுகிறார்கள், இது பழையது. விசைப்படகுகளின் தடைக்காலம் நடந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். துறையே அமைதியாக இருந்தது, நாட்டுப்படகுக்காரர்கள் மீனுக்கு நல்ல விலை. மாமா உற்சாகமாக இருந்தார். எத்தனையோ முறை பார்த்த அந்தத் தூண்டிலை அன்றைக்கு எடுத்துத் திருப்பினேன். இறாலின் நெஞ்சுக்கு அடியில் ஈயம் உருக்கி ஊற்றியிருந்தது.

"மாமா, இது என்ன? இரைக்குள்ளதான ஈயம் இருக்கு?"

பிடித்துவிட்டேன் என்ற குரலில் கேட்டிருப்பேன் போல. அவர் சிரித்தார். சங்கடமே படவில்லை. "கணவாய் வாயால திங்க வராது மாப்ள, கையால பிடிக்க வரும். ரெண்டு நீளக்கை இருக்குல்ல, அதை வீசிக் கட்டிப்பிடிக்கும். கட்டிப்பிடிச்சதுக்குக் கனம் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? சுண்டி மேல தூக்கி, விட்டுரணும். தலைகுப்புற அது எறங்குறப்பதான் வந்து ஒட்டும். ஈயம் இல்லாட்டி எப்பிடி எறங்கும்?" அப்புறம் கையைக் குவித்து ஒரு வாய்போலத் திறந்து காட்டினார். "களவா அப்பிடியா? அது கடிக்கிறதும் இல்ல. வாயப் பொளக்கும், தண்ணி உள்ள போவும், தண்ணியோட சேந்து இரையும் போயிரும். இரை லேசா இருந்தாத்தான் போவும். ஈயத்தோட சேத்து வச்சா தண்ணி மட்டும்தான் போவும், இரை அங்கனயே நிக்கும்." நான் பேசவில்லை. அவர் விடவுமில்லை. "ஒங்க மலைமீனு கையால பிடிக்குமா, வாயால உறிஞ்சுமா?"

உறிஞ்சும். ட்ரவுட் வாயைத் திறந்து, செவுளை விரித்து, தண்ணீரோடு சேர்த்துத்தான் பூச்சியை உள்ளே இழுக்கிறது. நான் பார்த்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் அது இருந்தது. துப்புகிற வேகத்தையே கவனித்துக்கொண்டிருந்ததால் வாங்குகிற விதத்தில் என் கண் நிற்கவில்லை. மாமாவின் கணக்குப்படி என் நிம்ஃப் எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு அது மீனின் வாய்க்குள் போக மறுக்கும். என் கணக்குப்படி எவ்வளவு லேசோ அவ்வளவுக்கு மீனின் வாய்க்கே வந்து சேராது. இரண்டுமே சரி. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எத்தனை விதமாகக் கம்பியைச் சுற்றினாலும் ஒரே முள்ளில் இந்த இரண்டையும் சமாதானப்படுத்த முடியாது என்பது அந்தத் திண்ணையில்தான் எனக்கு உறைத்தது.

சட்டைப்பையில் ஃப்ளை டப்பா இருந்தது. மாமா அதை வாங்கி, இருப்பதிலேயே கனமானதையும், கனமே வைக்காத ஒன்றையும் பொறுக்கினார். தங்கூசி நரம்பில் ஒரு துண்டு வெட்டினார். கனமானதை நுனியில் முடிந்தார். ஒரு முழத்துக்கு மேலே ஒரு கிளை விட்டு அதில் லேசானதை முடிந்தார். கண்ணாடி இல்லாமல், அந்தப் பருத்த விரல்களால், என் கண்ணுக்கே சிரமமாக இருக்கும் முள்ளின் காதில் நரம்பைக் கோத்தது எப்படியென்று இன்னும் எனக்குத் தெரியாது. தூக்கிப் பிடித்தார். நரம்பு விறைப்பாக நின்றது, கிளையில் இருந்தது வாடைக்காற்று போல ஏதோ ஒன்று பட்டு ஆடியது. "கீழ கெடக்குறது ஈயம்னு நெனச்சுக்கங்க. அதுலயும் ஒரு முள்ளு இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அவர் கட்டிக் கொடுத்ததற்கு ஐரோப்பாவில் ஒரு பெயரும் உண்டு, பள்ளிக்கூடங்களும் உண்டு. போலந்துக்காரர்களும் செக் நாட்டுக்காரர்களும் 1980-களில் போட்டிகளில் இறங்கிக் கலக்கிய வித்தை: நுனியில் கனத்த நிம்ஃப், மேலே கிளையில் லேசான நிம்ஃப், கைக்கும் ஃப்ளைக்கும் நடுவில் தொய்வில்லாத நரம்பு. இதை நான் படங்களில் பார்த்திருக்கிறேன். நவீனக் கண்டுபிடிப்பு என்ற மரியாதையோடுதான் பார்த்தேன். பாம்பன் கைத்தூண்டிலை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருநாளும் தோன்றவில்லை.

விதி போட்டது

வீட்டுக்கு வந்து அதைப் பற்றி மறுபடி படித்தபோது ஒரு சின்ன விவரம் கண்ணில் பட்டது. உலக அளவிலான ஃப்ளை மீன்பிடிப் போட்டிகளை நடத்துகிற ஃபிப்ஸ்-மூஷ் அமைப்பின் விதிப்படி, நரம்பில் தனியாக ஈயமோ மிதவையோ கட்டக்கூடாது. கனம் வேண்டுமானால் ஃப்ளைக்குள்ளேதான் வைத்துக்கொள்ள வேண்டும். சரிதான். கீழே ஒரு ஈயக் குண்டு, மேலே கிளையில் ஃப்ளை என்று யாரும் செய்திருக்கக்கூடியதை விதி தடுத்தது. ஆகவே ஈயக் குண்டுக்கு ஒரு முள் மாட்டி, இறகு சுற்றி, அதற்கும் நிம்ஃப் என்று பேர்வைத்தார்கள். நான்கு மில்லிமீட்டர் டங்ஸ்டன் மணியை நம்பர் 14 முள்ளில் கோத்து, பின்னால் இரண்டு இழை இறகை ஒட்டிவைத்த ஃப்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏன் பிடிக்காமல் போனது என்பதும் அப்போது விளங்கியது. ஆற்றில் அப்படி ஒரு பூச்சி கிடையாது. அது வேஷம் போட்ட ஈயம்.

இதைச் சொன்னால் ஃப்ளை கட்டுகிற நண்பர்கள் சிலர் சண்டைக்கு வருகிறார்கள். அந்தக் கனத்த ஃப்ளையிலும் மீன் மாட்டுகிறதே என்கிறார்கள். மாட்டும். ஓடுகிற தண்ணீரில் மீனுக்கு யோசிக்க நேரமில்லை, எதிரே வந்ததைத் திறந்த வாயால் வாங்கிவிடுகிறது, நரம்பு விறைப்பாக இருப்பதால் துப்புவதற்குள் நமக்குத் தெரிந்துவிடுகிறது. நான் சொல்வது வேறு. தீர்த்தன் கரையில் நடுவர் யாரும் நிற்பதில்லை. போட்டிக்காரர்களுக்கு விதி கொடுத்த நிர்ப்பந்தத்தை, மீன் கொடுத்த நிர்ப்பந்தம் என்று எடுத்துக்கொண்டு, கனத்தை ஒளித்துவைப்பதையே கலையின் உச்சமாகக் கொண்டாடுகிறோம். நுனியில் வெறும் ஈயம் கட்டி மேலே கிளைகளில் லேசான நிம்ஃப் கட்டுகிறவர்களும் வெளிநாட்டில் உண்டு. அவர்களை மற்றவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள், கந்தூரிக்குச் செருப்போடு உள்ளே வந்தவனைப் பார்ப்பதுபோல.

சாயரை இதில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவர் மீன்பிடித்த ஏவன், சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறிவரும் தெளிந்த ஆறு. ஆழமும் வேகமும் அதிகமில்லை, மீனைக் கண்ணால் பார்த்து எறியலாம். அதற்கு அந்த மயிர்க்கம்பிச் செம்பு போதுமானதாக இருந்தது, வாய்க்குள் போவதற்கும் தடையாக இல்லை. மீனருகே வந்ததும் கோல் நுனியை மெதுவாக உயர்த்தி, பூச்சி மேலே எழும்புவதுபோலக் காட்டுவார். அந்த எழும்பலில் ட்ரவுட் தாவி வாங்கும். மாமாவின் கணவாய் இறங்கும்போது வருகிறது, சாயரின் ட்ரவுட் ஏறும்போது வருகிறது. இரண்டுக்கும் உடம்புக்குள் கொஞ்சம் கனம் வேண்டித்தான் இருக்கிறது; ஏற்றுவதற்கு முன்னால் இறங்கியிருக்க வேண்டுமே. ஆக, இரைக்குள் ஈயமே கூடாது என்ற பேச்சை மாமாவின் சுவரில் தொங்குவதே முறித்துவிடுகிறது. அவரும் அதை மறுக்கவில்லை. "கணவாய்க்கு அது, களவாய்க்கு இது" என்பதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது.

எனக்குத்தான் வேலை கூடியது. இப்போது நண்பருக்கு ஃப்ளைகளை ஜோடியாக அனுப்புகிறேன். கீழே போவது ஃபேன் கம்பி நிறையச் சுற்றிய, தோள் புடைத்த, கால் வைக்காத சாயர் வகை; இரையாகவும் இருக்கும், நங்கூரமாகவும் இருக்கும். மேலே கிளையில் போவது செம்பு ஒரே ஒரு அடுக்கு, அதுவும் வயிற்று வரிக்காக மட்டும். மார்பில் மயில் இழை, மற்றபடி கனமே இல்லை. தெளிந்த தண்ணீரில் மேலே இருப்பதில்தான் மீன் விழுகிறது என்று நண்பர் போனில் சொன்னார். மாமாவிடம் சொன்னேன். அதில் அவருக்கு ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

ஜூன் மாதம் வேறு கதை. பனி உருகி ஆறு பெருகி, பால் கலந்ததுபோல ஓடும், செம்பு நுனி ஃப்ளை அடிக்குப் போய்ச்சேர்வதில்லை, டங்ஸ்டன் வைத்து அனுப்பு என்கிறார் நண்பர். எனக்கு அந்த மணி பிடிக்கவில்லை என்பதற்காக அவருடைய ஆறு காத்திருக்காது, அதனால் அந்த மாதத்துப் பெட்டிக்கு மட்டும் வாங்கிக் கோக்கிறேன். தகராறு இப்போது கிளையின் நீளத்தில் வந்து நிற்கிறது. ஒரு சாண் வேண்டும், இல்லாவிட்டால் இரை ஆடாது என்கிறார் மாமா. ஒரு சாண் விட்டால் எறியும்போது நரம்பைச் சுற்றிக்கொள்கிறது, நாலு விரல் போதும் என்கிறார் நண்பர். மாமா தூண்டிலை இறக்குகிறவர், நண்பர் எறிகிறவர். நான் ஆறு விரல் விட்டுக் கட்டி அனுப்பியிருக்கிறேன். இருவருக்குமே அதில் திருப்தியில்லை.